முப்பத்தொண்ணரை டிகிரி

சார், அந்த ஜன்னலோரம் வேணாம். இந்தப் பக்கம் வாங்க, டிரைவர் பக்கம். இப்ப மணி பத்தே கால். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டிட்டோம். இங்கிருந்து வாணியம்பாடி வரைக்கும் வெயில் இடது பக்கம்தான் விழும். உங்க சட்டைக் காலரைத் தொட்டுப் பாருங்க, சுடுதா? இந்த சீட்டுல பத்து நிமிஷம் உக்காந்துட்டு மறுபடியும் தொட்டுப் பாருங்க. சும்மா சொல்லலை, இது விஷயமா நான் கொஞ்சம் வேலை பாத்திருக்கேன்.

என் பேரு ஏகாம்பரம். பஸ் டெப்போவுல முப்பத்திரெண்டு வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். வீடு வேலூர்ல, சத்துவாச்சாரி. பெங்களூருக்குப் பொண்ணு வீட்டுக்குப் போறேன். எங்க வீட்டம்மா அங்கதான் இருக்கா, சகுந்தலா. அவளைக் கூட்டிக்கிட்டு வரணும். போயி இன்னியோட இருபத்தெட்டு நாள் ஆச்சு. கோவிச்சுக்கிட்டெல்லாம் போகலை சார், அப்படி நினைச்சுக்காதீங்க. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்துல எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை. நான் சொல்றதை அவ கேட்டுக்குவா. வெயில் தாங்கலை, பொண்ணு வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு, அவ்வளவுதான். ஆனா கத்திரி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகுது, இன்னும் வர்ற வழியைக் காணோம். எப்ப வரேன்னு கேட்டா, பாக்கலாம்னு சொல்றா. பாக்கலாம்னா என்ன சார் அர்த்தம்? ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு எத்தனை நாள் ஒத்தையில கெடக்கறது? இனிமே வரவே மாட்டாளோன்னு கூட ஒவ்வொரு நேரம் தோணுது.

வெயில் தாங்காம போனான்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் எனக்கு ஒண்ணும் புரியலை. சத்துவாச்சாரி பூரா தேடினாலும், ஏசி இல்லாம கூலா இருக்கற ஒரே எடம் எங்க வீட்லதான் இருக்கு. நான் பண்ணினது. என் கையால.

மொதல்லேர்ந்து சொல்றேன். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட்டு கட்டினேன், மாப்பிள்ளை கார் வச்சிருக்கார்னு. மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, முன்னாடி ரோலிங் ஷட்டர், மேற்கு பாத்த வாசல். மாப்பிள்ளை வர்றது வருஷத்துக்கு ரெண்டு தடவை. வந்தாலும் காரை ரோட்லயே நிறுத்திட்டு, சாயங்காலமே கெளம்பிடுவார். சரின்னு ஷெட்டுக்குள்ள ஒரு மேஜை போட்டு, வைஸ் மாட்டி, டிரில்லிங் மெஷின் வச்சு, பழைய லேத் ஒண்ணு சின்னதா கெடைச்சுது, அதையும் போட்டேன். தெருவுல யார் வீட்டு மிக்சி, யார் வீட்டு ஃபேன், யார் வீட்டு தண்ணி மோட்டார் ரிப்பேர்னாலும் எங்கிட்டதான் வரும். காசு வாங்கறதில்லை. வேலை செய்யணும், அவ்வளவுதான்.

டெப்போவுல என்ன கூரைன்னு நினைக்கறீங்க? தகரம். மே மாசம் உள்ள நின்னா மண்டை வெந்துடும். பேரிங்கைக் கழுவித் தொடைச்சு, பளபளன்னு வச்சிருப்போம். எண்ணெய் போடறதுக்குள்ள நெத்தியிலேர்ந்து ஒரு சொட்டு வேர்வை விழும். மறுநாள் காலையில பாத்தா அந்த எடத்துல துரு. என் வேர்வையே என் வேலையைக் கெடுக்குதுன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. முப்பத்திரெண்டு வருஷம் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஓட்டினேன். ரிட்டயர்டு ஆகற அன்னிக்கு மாலை போட்டாங்க, மோதிரம் போட்டாங்க, பேசச் சொன்னாங்க. நான் ஒண்ணுதான் சொன்னேன். ஒரு நாளாவது வேர்க்காம வேலை பாத்துட்டு சாவணும். எல்லாரும் சிரிச்சானுங்க. நான் சிரிக்கறதுக்கு சொல்லலை.

இந்த வருஷம் மாசி கடைசியில ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். சூடு காட்டறது. அதுல மூணு வொயர். ஒண்ணு ஷெட்டுக்குள்ள, ஒண்ணு ஷெட்டுக்கு வெளியில நிழல்ல, ஒண்ணு கூரை மேல. ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். காலையில ஒன்பது, மதியம் ஒண்ணரை, சாயங்காலம் அஞ்சு. ஒரு நாளைக்கு மூணு தடவை எழுதிடுவேன். பங்குனி மொத வாரம் ஷெட்டுக்குள்ள நாப்பத்தொண்ணு. சரி, உன்னை எறக்கறேன் பாருன்னு சொன்னேன். மீட்டர்கிட்டதான் சொன்னேன்.

மொதல்ல சுண்ணாம்பு. வெள்ளை சிமெண்ட் கலந்து கூரைக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சேன். மூணு டிகிரி எறங்கிடுச்சு சார், ஒரே நாள்ல! கூரை அப்படியே பால் மாதிரி. எங்க கிச்சன் ஜன்னல் அந்தக் கூரையைப் பாத்த மாதிரி இருக்குது. ஏங்க, கண்ணு கூசுதுங்க, அடுப்புல என்ன இருக்குன்னே தெரியலைன்னு சகுந்தலா சொன்னா. ஜன்னலை மூடிக்கோன்னேன். மூடிட்டா. அவகிட்ட அதுதான் நல்ல குணம்.

அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளணும் இல்லையா? எங்க தள்றது? மேற்கே ஷட்டர். வடக்கே பக்கத்து வீட்டுக்காரர் தாமோதரன் சுவரு. என் வீட்டுப் பக்கம் சூட்டைத் தள்ளினா போலீசுக்குப் போவேன்னாரு. கிழக்கே அலமாரி, டூல்ஸ் எல்லாம் அங்கதான். மிச்சம் இருக்கறது தெற்கு. அந்தப் பக்கம் கிச்சனுக்குப் போற சந்து. அங்க ஒரு ஓட்டை போட்டு ஃபேனை மாட்டினேன். சொந்த வீட்டுச் சந்து, யாரும் கேக்க முடியாது. ரெண்டு டிகிரி எறங்குச்சு. முப்பத்தாறு.

அப்புறம்தான் சாக்கு. அரிசி மண்டியில முப்பது சணல் சாக்கு வாங்கி, கூரை பூரா பரப்பினேன். ஷட்டர் பக்கம் நாலு சாக்கைத் தச்சு திரை மாதிரி தொங்கவிட்டேன். சாக்கு ஈரமா இருக்கணும், ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும். அதுக்கு முன்னாடி ஒரு டேபிள் ஃபேன் ஓடினா உள்ள வர்ற காத்து ஊட்டிக் காத்து. டேபிள் ஃபேன் எங்க வீட்ல ஒண்ணுதான் இருந்துது, கிச்சன்ல, தரையில வச்சிருந்தா. அடுப்பு பக்கத்துல ஃபேன் எதுக்கு, தீ அலையும், கேஸ் வீணாகும்னு சொல்லி எடுத்துக்கிட்டு வந்தேன். உண்மைதானே சார்?

சாக்குக்குத் தண்ணி ஊத்தணும். பதினொண்ணு, ஒண்ணு, மூணு. மாடிக்குப் போயி, டேங்க் குழாய்ல பக்கெட்டுல புடிச்சு, கைப்பிடிச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு ஷெட்டு மேல ஊத்தினா போதும். ஒரு தடவைக்குப் பத்து பக்கெட்டு. அதை சகுந்தலா பாத்துக்கிட்டா. நான் ஏன் ஊத்தலைன்னு கேப்பீங்க. நான் உள்ள ரீடிங் எடுக்கணுமே! தண்ணி ஊத்தின எத்தனையாவது நிமிஷம் எறங்குது, எவ்வளவு எறங்குதுன்னு பாக்க ஒரு ஆள் வேணுமா வேணாமா? ஏங்க, டேங்க் தண்ணியே கொதிக்குதுங்க, கையில பட்டா சுடுதுன்னு ஒரு நாள் சொன்னா. அது நல்லதுதான், சூடான தண்ணி சீக்கிரம் ஆவியாகும்னு வெளக்கினேன். பொறுமையா வெளக்கினேன். தலையாட்டிட்டு மேல போனா.

முப்பத்திரெண்டு ஆயிடுச்சு சார். வெளிய நாப்பத்தொண்ணு, உள்ள முப்பத்திரெண்டு. பேரிங்கைத் தொடைச்சு மேஜை மேல வச்சேன். மறுநாள் பாத்தேன். அப்படியே பளபளன்னு இருந்துது. உண்மையைச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அந்த வாரம் சகுந்தலா முருங்கைக்கீரையை முறத்துல எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குள்ள வந்தா. ஒரு ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்து உருவ ஆரம்பிச்சா. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துது, பேச்சுத் துணை. ஆனா மீட்டரைப் பாக்கறேன், அரை டிகிரி ஏறுது. என்னடா இதுன்னு யோசிச்சுப் பாத்தா வெவரம் புரியுது. மனுஷ உடம்புலேர்ந்து வர்ற சூடு இருக்கே, அது ஒரு நூறு வாட் குண்டு பல்பு எரியற மாதிரி. அதைத்தான் அவகிட்ட சொன்னேன். சகுந்தலா, நீ ஒரு நூறு வாட் பல்புன்னேன். அதோட கதவைத் திறந்து திறந்து மூடினா கூலிங் போயிடுதுன்னும் சொன்னேன். திட்டலை சார், தகவல் சொன்னேன். முறத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் ஷெட்டுக்குள்ள வரவே இல்லை. ரீடிங் முப்பத்தொண்ணரைக்கு வந்துடுச்சு.

டெப்போ ஃப்ரெண்டுங்க நாலு பேர் பாக்க வந்தாங்க. உள்ள நுழைஞ்சவன் ஒருத்தன், இன்னாபா ஏகாம்பரம், சொர்க்கத்தை வாடகைக்கு எடுத்துட்டியான்னான். சகுந்தலா மோர் கொண்டு வந்து கதவுக்கு வெளியிலேயே நின்னா, ஒவ்வொரு டம்ளரா நீட்டினா. நீ குடுத்து வச்சவம்மா, பகல் பூரா இங்கேயே இருந்துக்கலாமேன்னு அவன் கேட்டான். எனக்கென்னங்க, நான் உள்ள போனா ஏறிடும்னு சொன்னா. எல்லாரும் ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். அவளுக்கும் இப்படிப் பேச வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அவ ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை சார். அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். கத்திரி பொறந்ததும் சமையலை விடியக்காலை நாலரைக்கே முடிக்க ஆரம்பிச்சா. ஏன்னு கேட்டதுக்கு, பழக்கமாயிடுச்சுன்னா. ஆனா எனக்கு ஆறின சோறு எறங்காது, அது அவளுக்கும் தெரியும், அதனால மதியம் மட்டும் மறுபடியும் அடுப்பு பத்த வச்சு ரசமும் அப்பளமும் பண்ணுவா. சில நாள் பாத்ரூம் தரையில தண்ணியை ஊத்திட்டு அங்கேயே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பா. என்ன பண்றேன்னு கேட்டா, சும்மாதாங்கன்னு பதில் வரும். பொம்பளைங்களுக்கு ஏதாவது வேலை இருக்கும், நாம துருவக்கூடாது.

மே பதிமூணு. அன்னிக்குதான். ஒரு மணிக்குத் தண்ணி ஊத்தினா, ஒண்ணே காலுக்கு முள்ளு எறங்கணும். முள்ளுன்னா பழக்கத்துல சொல்றேன், நம்பர்தான் அதுல. ஒண்ணே காலுக்குப் பாக்கறேன், முப்பத்திமூணு. ஒண்ணு இருபதுக்கு முப்பத்திமூணரை. எனக்குக் கோவம். சகுந்தலா, தண்ணின்னு கத்தினேன். சத்தம் இல்லை. ஒண்ணரைக்கு ரீடிங் எழுதணும், அதனால இருந்து எழுதிட்டேன், முப்பத்திநாலு. அப்பவும் எறங்கலை. மீட்டர்ல ஏதோ கோளாறுன்னு பேட்டரியைக் கழட்டி மாத்தினேன். மாத்தியும் முப்பத்திநாலே முக்கால். அப்பதான் சார் பொறி தட்டுச்சு, மீட்டர் சரியாத்தான் இருக்கு, தண்ணிதான் வரலைன்னு. மாடிக்கு ஓடினேன்.

டேங்க்கு ஓரமா உக்காந்திருந்தா. சாஞ்சு உக்காந்திருந்தா. பக்கெட்டு உருண்டு கெடந்துது, குழாய்ல தண்ணி போய்க்கிட்டே இருந்துது. கூப்பிட்டா கண்ணைத் திறக்கலை. கால்ல ஒரு செருப்புதான் இருந்துது, இன்னொரு பாதம் கொப்பளிச்சிருந்துது. பயந்துட்டேன் சார். எப்படித் தூக்கினேன், எப்படிப் படி எறங்கினேன்னு தெரியாது. நேரா ஷெட்டுக்குத்தான் கொண்டு போனேன். வேற எங்க கொண்டு போறது, அங்கதானே குளிர்ச்சி. தரையில போட்டு, தண்ணி தெளிச்சு, தாமோதரனைக் கூப்பிட்டு, அவர் ஆட்டோ புடிச்சுக் குடுத்தார்.

ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தினாங்க. வெயில்ல எங்கயாவது போனாங்களான்னு டாக்டர் கேட்டார். எங்கயும் போகலை சார், மொட்டை மாடிக்குத்தான்னு சொன்னேன். வீட்ல கூலிங் எல்லாம் இருக்கு, முப்பத்தொண்ணரைன்னும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த மீட்டர் மட்டும் இல்லைன்னா, மூணு மணி வரைக்கும் நான் மாடிக்குப் போயிருக்க மாட்டேன். அவளைக் காப்பாத்தினது அந்த மீட்டர்தான். இதை ஹேமாகிட்ட, அதான் எங்க பொண்ணு, அவகிட்ட சொன்னேன். அப்பா, கொஞ்சம் நேரம் பேசாம இருக்கியான்னா.

மறுநாள் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அம்மாவுக்கு அம்பத்தாறு வயசாகுதுப்பா, அது மட்டும்தான் சொன்னா. சகுந்தலா கார்ல ஏறும்போது, சாக்கு காஞ்சிடும், பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனா.

நான் சும்மா இருக்கலை சார். குறை எங்க இருக்கோ அதைத்தானே சரி பண்ணணும்? அவ மாடி ஏறினதுதான் குறை. ஒரு சின்ன மோட்டார், ஒரு டைமர், ஓட்டை போட்ட பைப்பு. பத்து நாள்ல பண்ணிட்டேன். இப்ப மணி அடிச்சா தானா தண்ணி சொட்டும். அவ மாடிப்படி மிதிக்க வேணாம். போன்ல சொன்னேன். ஷெட்டு எப்படி இருக்குன்னு கேட்டா. முப்பத்தொண்ணரைன்னேன். அப்ப நல்லா இருக்கீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. மறுவாரமும் அதேதான். இதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். நேத்து சாயங்காலம் ஹேமா போன் பண்ணினா. நேர்ல வாப்பா, அம்மா பேசறேன்னு சொல்றாங்க, வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்கன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! மூணு மாசத்துல மொத தடவை சார், அவளுக்கு இதுல ஒரு ஆர்வம். நேத்தே பிரௌன் அட்டை போட்டு, பேரு எழுதி ரெடி பண்ணிட்டேன். இதோ, பாருங்க, வாங்கிப் பாருங்க. இது தேதி. இது ஷெட்டுக்குள்ள, இது வெளிய, இது கூரை மேல. அந்தப் பக்கத்தைத் திருப்புங்க, மே பதிமூணு. கூரை மேல அம்பத்தெட்டு, பாத்தீங்களா? அன்னிக்கு அஞ்சு மணி ரீடிங் மட்டும் காலியா இருக்கும். ஆஸ்பத்திரியில இருந்தேன். நோட்டு பூராவுலயும் அது ஒண்ணுதான் காலி.

என்ன கேட்டீங்க? சத்தத்துல சரியாக் கேக்கலை.

கிச்சனா? கிச்சன் இதுல இல்லை சார். இது ஷெட்டுக்கான நோட்டு. கிச்சன்ல நான் வேலை பாக்கறதில்லையே, அங்க எதுக்கு எடுக்கணும்? இல்லை, ஒரு தடவை கூட எடுக்கலை. மீட்டர்ல மூணு வொயர்தான் இருக்கு. அதுவும் இல்லாம கிச்சன்ல என்ன பெருசா இருந்துடப் போகுது. ஜன்னல் இருக்கு. ஜன்னல் மூடியிருக்கு, சரி. ஃபேன் இருந்துது. ஃபேனை நான் எடுத்துட்டேன், அதுவும் சரி. எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தச் சந்துலதான்...

குடுங்க நோட்டை.

நாப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணரை. ஒன்பதரை டிகிரி எறக்கியிருக்கேன். எறக்கினது பூரா அந்தச் சந்துக்குத்தான் போயிருக்கு. நான்தானே ஓட்டை போட்டேன். அவ அங்க நின்னு மதியம் ரசம் வச்சிருக்கா, அதை முடிச்சுட்டு மாடி ஏறியிருக்கா. கூரை மேல அம்பத்தெட்டுன்னு என் கையாலயே எழுதியிருக்கேன் சார். எழுதிட்டு அடிக்கோடு வேற போட்டிருக்கேன். இதுக்காகவா நோட்டு கேட்டா? என்கிட்ட ஒண்ணும் சொல்லாம, நோட்டை எடுத்துக்கிட்டு வாங்கன்னு...

இல்லை, தண்ணி வேணாம், நீங்க குடிங்க.

இது எந்த ஸ்டாப்பு? ஆம்பூரா? கண்டக்டர்! கண்டக்டர், ஒரு நிமிஷம், எறங்கணும். பெங்களூர் டிக்கெட்டுதான், இருக்கட்டும், பரவாயில்லை. சார், கொஞ்சம் காலை நகத்துங்க. இந்த நோட்டை எடுத்துக்கிட்டு நான் அவ முன்னாடி எப்படிப் போயி நிப்பேன்? நாளைக்கு வரேன்னு ஹேமாகிட்ட போன்ல சொல்லிக்கறேன். இப்ப பதினொண்ணு ஆகப் போகுது. எதிர்ல ஒரு வேலூர் பஸ்ஸைப் புடிச்சா பன்னெண்டேகாலுக்கு வீட்ல இருப்பேன். ஜன்னலைச் சாத்தி வச்சு, எக்ஸாஸ்டைப் போட்டுட்டு, பன்னெண்டரைக்கு அடுப்பைப் பத்த வைக்கணும். ரசம் கொதிச்சு எறக்கற வரைக்கும் அங்கேயே நிக்கணும், நடுவுல வெளிய வரக்கூடாது.

சார், ரசம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

உங்களுக்கும் தெரியாதா?